மூணு நாள், மூணு நாடு

காரவள்ளியில் பஸ் நின்றது. மலை ஏறுவதற்கு முன் அங்கே கொஞ்ச நேரம் நிறுத்துவார்கள். டிரைவர் டீ குடிக்க இறங்கினார். பாதிப் பேர் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. எனக்கு ஜன்னல் சீட்டு. எழுந்தால் போய்விடும்.

தினமும் தூரத்தில் பார்த்த மலை. இப்போது தலையைத் தூக்கினால்தான் உச்சி தெரிந்தது. கழுத்து வலித்தது. வலிக்கட்டும் என்று பார்த்தேன்.

மடியில் பை. மகள் காலேஜுக்குக் கொண்டுபோன நீலப் பை. ஒரு ஜிப் வேலை செய்யாது. ஊக்கு குத்தியிருந்தேன். உள்ளே ரெண்டு சேலை, ஸ்வெட்டர், துண்டு, சோப்பு, போன் சார்ஜர். இடுப்பில் ஒரு துணிப்பை. அதில் பாஸ்போர்ட்.

கொல்லிமலைக்கு எதற்குப் பாஸ்போர்ட் என்று கேட்பீர்கள். வேண்டாம்தான். இடுப்பில் வைத்துப் பழகட்டும் என்று எடுத்துக்கொண்டேன்.

டிரைவர் ஏறினார். பஸ் கிளம்பியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரணம் ஒன்றும் இல்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

மகள் போட்ட நிபந்தனை

போன வாரம் இந்தத் தொடரைப் பாஸ்போர்ட் கைக்கு வந்ததோடு நிறுத்தியிருந்தேன். வந்தால் போதுமா. மகள் விட வேண்டும்.

புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் பாவாயி. சேந்தமங்கலம் பக்கம் ஜவ்வரிசி ஆலையில் களத்து வேலை, ஜவ்வரிசியைக் காயப் போடுவது. வயது ஐம்பத்தொன்று. படிப்பு அஞ்சாவது. இதை நானே எழுதுகிறேன். எழுத்துப் பிழை மட்டும் மகள் பார்ப்பாள்.

மகள் பெயர் கோகிலா. நாமக்கல்லில் ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். வீட்டில் நாங்கள் ரெண்டு பேர்தான். அவள் அப்பா போய் ஆறு வருசம்.

வியட்நாம் போகணும் என்று நான் சொன்னபோது அவள் தட்டில் சோறு இருந்தது. சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

"அம்மா, நீ இதுவரைக்கும் தனியா எங்க போயிருக்கே?"

யோசித்துப் பார்த்தேன். "ரேஷன் கடைக்கு."

"அதத்தான் சொல்றேன்."

ஏன் வியட்நாம் என்று ஆலையிலும் கேட்டார்கள். போனில் ஒரு வீடியோ வந்தது. அங்கே ஒரு பொம்பளை அப்பளம் மாதிரி எதையோ மூங்கில் தட்டியில் காயப் போடுகிறாள். அவள் கை போகிற விதம் என் கை போகிற விதம். வெயிலைப் பார்க்க நெற்றியில் கை வைக்கிறாள். அதுவும் நான் வைக்கிற மாதிரிதான். அவளை நேரில் பார்க்கணும் என்று தோன்றியது. அவளே கிடைக்க மாட்டாள். அது தெரியும். அந்த மாதிரி ஒருத்தி கிடைப்பாள்.

கோகிலா ரெண்டு நாள் பேசவில்லை. மூணாம் நாள் ஒரு நிபந்தனை போட்டாள்.

"மூணு ராத்திரி கொல்லிமலையில தனியா இரு. பாஷை தெரிஞ்ச ஊரு. பஸ் இருக்கு. தினம் ஒரு வாய்ஸ் போடு, நல்லா இருக்கேன்னு. அது போதும். போன் பண்ணி, வந்து கூட்டிட்டுப் போன்னு சொன்னேன்னு வெச்சுக்க, அவ்வளவுதான். வியட்நாம் கிடையாது. முழுசா இருந்துட்டு வந்தா நாலாம் நாள் நானே டிக்கெட் போடறேன்."

"சரி" என்றேன்.

அவள் இன்னும் ஏதோ எதிர்பார்த்தாள். எனக்கு அதற்கு மேல் பேச்சு வராது.

எந்த நாடு?

எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை உண்டு. நான் ஒன்றையும் விடாமல் படித்தேன். பத்தாவதில் முன்னால் இருந்த ஒருத்தர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். நல்ல உடம்புக்காரர். இருபதாவதில் அவர் சம்சாரம் நீட்டினார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பசித்தது.

முப்பதுக்கு மேலே போனதும் கீழே எல்லாம் தெரிந்தது. தென்னந்தோப்பு, ரோடு, லாரி. ஒரு இடத்தில் வெள்ளைச் சதுரம் ஒன்று. ஜவ்வரிசிக் களம். எங்கள் ஆலையா வேறு ஆலையா தெரியவில்லை. அத்தனாம்பெரிய களம் உள்ளங்கையில் வைக்கிற மாதிரி இருந்தது. இருபது வருசம் அங்கிருந்து இங்கே பார்த்தேன். இப்போது இங்கிருந்து அங்கே பார்க்கிறேன். மறுபடியும் சிரிப்பு வந்தது. இந்தத் தடவை பொத்தவில்லை.

பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். என் வயசுதான் இருக்கும். மடியில் கருவாட்டுப் பை. வாயில் வெற்றிலை. ரொம்ப நேரமாக என் பையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்க, எந்த நாடுங்க நீங்க?"

திரும்பி அவளைப் பார்த்தேன். என்னைப் பார்த்தால் வெளிநாட்டுக்காரி மாதிரியா இருக்கிறது. பையைப் பார்த்துக் கேட்கிறாள் போல என்று நினைத்தேன்.

"இந்தியாங்க."

வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டாள். முன் சீட்டில் இருந்த பெரியவர் திரும்பினார்.

"என்னங்கறாங்க?"

"இந்தியாவாமா."

"அட, பக்கந்தான். நமக்கும் அங்கதான் ரேஷன் கார்டு."

பின்னால் நாலு பேர் சிரித்தார்கள். கண்டக்டர் சிரித்தார். எனக்கு எதற்கென்று விளங்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. "கோவிச்சுக்காதீங்க. தனியாவா வந்தீங்க?"

"ஆமாங்க. சுத்திப் பாக்க. இது முடிஞ்சதும் வேற நாட்டுக்குப் போகணும்."

"போங்க போங்க. நானும் தனியாத்தான் போவேன். பதினாலு நாடும் பாத்துட்டேன்."

பதினாலு. காலில் செருப்புக்கூட இல்லை. மடியில் கருவாடு. எனக்கு மரியாதை வந்துவிட்டது. நேராக உட்கார்ந்தேன்.

"பாஸ்போர்ட் எப்ப எடுத்தீங்க?"

"அது என்னாதுங்க?"

"அப்பறம் எப்படிப் போனீங்க?"

"மினி பஸ்லதான். முன்னெல்லாம் நடந்துதான்."

"கடல் தாண்டியா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கருவாட்டுப் பை கீழே விழுந்தது. சிரித்து முடித்து விரலை மடக்கினாள். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, பைல் நாடு என்று போய்க்கொண்டே இருந்தது. நாலஞ்சு ஊர் சேர்ந்தால் மலையில் அதற்கு நாடு என்று பெயர். அப்படிப் பதினாலு. எந்த நாடு என்றால் எந்தப் பக்கத்து ஆள் என்று அர்த்தம்.

இருபது வருசமாக அடிவாரத்தில் இருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. ஆலைக்கு இந்த மலையிலிருந்து லாரி லாரியாகக் குச்சிக்கிழங்கு வரும். அதைத்தான் மாவாக்கி ஜவ்வரிசி ஆக்குகிறோம். கிழங்கு எந்த ஊர் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அவள் பெயர் பொன்னி. அரியூர் நாடு. இறங்கும்போது சொன்னாள்.

"நாளைக்கு வளப்பூர் நாட்டுல எங்க தங்கச்சி ஊட்டுக்கு வாரேன். சாயங்காலம் அருவிக்கு மேல இருக்கற கோயில்கிட்ட நில்லுங்க. எங்க நாட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். லாட்ஜுல என்ன இருக்குது, செவுருதான் இருக்குது."

சாவி

வாழவந்தி நாட்டுச் செம்மேட்டில் இறங்கியபோது பனி விலகவில்லை. பல்லு அடித்தது. ஒரு லாட்ஜில் ரூம் எடுத்தேன்.

"கூட யாரு?" என்று கேட்டார் அங்கிருந்தவர்.

"யாரும் இல்லீங்க."

"எதுக்கு வந்தீங்க?"

"பாக்க."

பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வந்த போலீஸ்காரரிடமும் இதைத்தான் சொன்னேன். அவரும் இவர் மாதிரியேதான் பார்த்தார். ஆதார் கார்டு கொடுத்தேன். சாவி கொடுத்தார். ஒரு மரக்கட்டையில் கோத்த சாவி.

என் பெயரில் ஒரு சாவி வாங்கியது அதுதான் முதல் தடவை. கதவைத் திறந்தேன். பூட்டினேன். மறுபடி திறந்தேன். உள்ளே ஒரு கட்டில், ஒரு கண்ணாடி, ஒரு பக்கெட். எல்லாம் எனக்கு. யாருக்கும் சோறு ஆக்க வேண்டாம். யார் துணியும் துவைக்க வேண்டாம். அந்த எண்ணமே குளிருக்குக் கம்பளி மாதிரி இருந்தது.

கோகிலாவுக்கு வாய்ஸ் போட்டேன். "வந்துட்டேன். ரூம் எடுத்துட்டேன். குளிரு. நல்லா இருக்கேன்." பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

மத்தியானம் சந்தைப் பக்கம் போனேன். அன்னாசி தின்றேன். நாக்கு வெந்தது. இன்னொன்று தின்றேன். கால் போன பக்கம் நடந்தேன். திரும்பி வரும்போது பார்த்தால் என்னைத் தெரியாத கடைக்காரர் ஒருத்தர், "இந்தியாக்காரம்மா, டீ சாப்புடறீங்களா" என்கிறார். பஸ்ஸில் நடந்தது எனக்கு முன்னாலேயே ஊருக்குள் போய்விட்டது.

அவர் பார்த்த ஊர்கள்

இந்த இடத்தில் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோகிலாவின் அப்பா.

அவர் ரிக் லாரியில் வேலை பார்த்தார். போர் போடுகிற வண்டி. எங்கள் பக்கத்து ஆம்பளைகள் பாதிப் பேர் அந்த வேலைக்குத்தான் போவார்கள். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், ஒரிசா என்று எட்டு ஸ்டேட் போனார். ஆறு மாசம் கழித்து வருவார். தலைமுடியெல்லாம் கல் தூசி.

நான் கேட்பேன். "ராஜஸ்தான் எப்படி இருக்குது?"

"எரநூறு அடி மண்ணு. அப்பறம் பாறை."

"ஒரிசா?"

"அங்க மேலயே பாறை."

அவ்வளவுதான். அவருக்கு ஊர் என்றால் கீழ்நோக்கித்தான். குறை சொல்லவில்லை. தண்ணி வந்தால்தான் அடுத்த ஊர். நின்று பார்க்க நேரம் ஏது.

ஒரு தடவை மட்டும் தானாகச் சொன்னார். மயில் ஒன்று ரிக் மேல் வந்து உட்கார்ந்ததாம். மிஷினை நிறுத்திவிட்டார்களாம். எவ்வளவு நேரம் என்றேன். "அது போற வரைக்கும்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. நான் அந்த முகத்தை ஞாபகம் வைத்திருக்கிறேன். ராஜஸ்தானா ஒரிசாவா என்று கேட்க மறந்துவிட்டேன்.

ரெண்டாவது நாடு

மறுநாள் லாட்ஜைக் காலி செய்துவிட்டு வளப்பூர் நாடு போனேன். பஸ்ஸில் பாதி, நடை பாதி. இப்போது பலகையில் நாடு என்று இருந்தால் கண் தானாகப் போனது.

ஆகாய கங்கை அருவிக்கு இறங்கினேன். ஆயிரத்துச் சொச்சம் படி. எனக்கு முன்னால் காலேஜ் பிள்ளைகள் செல்பி எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருத்தன் சொன்னான், "ஆன்ட்டி, ஏற முடியாது. இங்கயே உக்காந்துக்கங்க."

"நான் ஆன்ட்டி இல்லை. அக்கா" என்றேன். எனக்கே ஆச்சரியம். நான் அப்படியெல்லாம் பேசுகிற ஆள் இல்லை.

கீழே போனால் தண்ணி இடி மாதிரி விழுந்தது. பக்கத்தில் போனதுமே நனைந்துவிட்டேன். காது அடைத்தது. யாருக்கும் கேட்காது என்று தெரிந்ததும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. ஏய் என்று ஏதோ. தொண்டை கிழியக் கத்தினேன். ஐம்பத்தொரு வருசத்தில் அவ்வளவு சத்தம் என்னிடம் இருந்தது எனக்குத் தெரியாது.

மேலே ஏறி வர ரெண்டு மணி நேரம் ஆனது. அந்தப் பையனுக்கு முன்னால் வந்துவிட்டேன்.

கோயில் பக்கம் போனில் ரெண்டு கோடு சிக்னல் வந்தது. உடம்பெல்லாம் ஈரம். மனசு தாங்கவில்லை. அந்த நிலைமையில் கோகிலாவுக்கு வாய்ஸ் போட்டேன். அது இன்னும் போனில் இருக்கிறது. கேட்டு அப்படியே எழுதுகிறேன்.

"கோகிலா. நல்லா இருக்கேன். நேத்து ஒரு நாடு. இன்னைக்கு ரெண்டாவது நாட்டுக்கு வந்துட்டேன். சாயங்காலம் மூணாவது நாட்டுக்குப் போறேன். பஸ்ல ஒரு பொம்பளை பழக்கம் ஆச்சு. பதினாலு நாடு போனவ. அவதான் கூட்டிட்டுப் போறா. பாஸ்போர்ட் இடுப்புலயே இருக்குது. பயப்படாத."

சிரிப்பாள் என்று நினைத்தேன். வந்து விளக்கம் சொல்லலாம் என்று நினைத்தேன். நான் விளையாட்டுக்குப் பேசுகிற ஆள் இல்லை. வீட்டில் அப்படி ஒரு நாளும் பேசியதில்லை. அது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

பொன்னி சொன்ன நேரத்துக்கு வந்தாள். செம்மேட்டில் அந்த டீக்கடை எதிரே பஸ் மாறி அரியூர் நாட்டுக்குப் போனோம். அங்கே போன் சுத்தமாகச் செத்துவிட்டது.

மிளகுக் களம்

பொன்னி வீட்டில் சாமைச் சோறும் கருவாட்டுக் குழம்பும். வியட்நாம் ஆசையை அவளிடம் சொல்லிவிட்டுத் தூங்கினேன். விடிந்து வெளியே வந்தால் பள்ளத்தில் நெல் வயல். மேட்டில் குச்சிக்கிழங்கு. மரத்துக்கு மரம் மிளகுக்கொடி. பறிப்பு நேரம். வாசலில் தார்ப்பாய் விரித்து மிளகு கொட்டியிருந்தார்கள். பச்சை பாதி, கறுப்பு பாதி.

பொன்னி கையால் கிளறிக்கொண்டிருந்தாள்.

"தள்ளு" என்றேன்.

செருப்பைக் கழற்றினேன். காலைக் கழுவினேன். மிளகுக்குள் இறங்கி, பாதத்தைத் தூக்காமல் இழுத்து இழுத்து நடந்தேன். ஜவ்வரிசிக் களத்தில் அப்படித்தான் செய்வோம். கால் போன பின்னால் சால் மாதிரி கோடு விழும். அடியில் இருப்பது மேலே வரும். குனிய வேண்டாம். முதுகு வலிக்காது.

பொன்னி இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பொம்பளைகள் ரெண்டு பேர் வந்தார்கள்.

"இந்தியாவுல இப்படித்தானாட்ட இருக்குது" என்றாள் ஒருத்தி.

"சிரிக்காத புள்ள. கோடு பாரு, ஏர் ஓட்டுனாப்பல இருக்குது" என்றாள் பொன்னி. அப்புறம் என்னிடம், "பாவாயிக்கா, இங்கயே இருந்துக்கங்க. வியட்நாமெல்லாம் வேண்டாம்."

"போகணும்."

"போய்?"

"அங்கயும் இப்படி நடந்து பாக்கணும்."

மிளகு ஜவ்வரிசி மாதிரி இல்லை. உருளும். பாதம் காந்தியது. காந்தட்டும் என்று நாலு சுற்று நடந்தேன். வெயில் முதுகில் ஏறியது. இன்னும் ஒரே ஒரு ராத்திரி. மனசுக்குள் ஏற்கெனவே பிளேனில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது பாதையில் ஒரு பிள்ளை வந்தது. தலை கலைந்து, முகம் வெளிறி, கையில் துப்பட்டாவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு. யாரோ காய்ச்சல்காரப் பிள்ளை என்று பார்த்தேன். கோகிலா.

தார்ப்பாய் ஓரத்தில்

அவள் என்னைப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள். மிளகைப் பார்த்தாள். அப்படியே தார்ப்பாய் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது எந்த நாடு?" என்று கேட்டாள்.

"அரியூர் நாடு" என்றாள் பொன்னி. "யாரு கண்ணு நீ?"

கோகிலா அழ ஆரம்பித்தாள்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விசயம் வந்தது. வேலை முடிந்து வந்து வாய்ஸைக் கேட்டிருக்கிறாள். போன் அடித்தால் போகவில்லை. பீரோவைத் திறந்தால் பாஸ்போர்ட் இல்லை. ஆலைக்கு ஓடியிருக்கிறாள். அங்கே நம்மாட்கள் வாய்ஸைக் கேட்டுவிட்டு, வெளிநாட்டுக்கு ஆள் பிடிக்கிற கும்பல் என்று முடிவே செய்துவிட்டார்கள். ஒருத்தி, பதினாலு நாட்டுக்கும் ஆள் அனுப்பியவளா என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாளாம்.

காலையில் முதல் பஸ். எழுபது வளைவிலும் வாந்தி. செம்மேட்டில் இறங்கி டீக்கடையில் விசாரித்திருக்கிறாள். நீலப் பை வெச்ச ஒரு அம்மா என்று சொன்னதுமே, "இந்தியாக்காரம்மாவா? அவங்க அரியூர் நாட்டுக்குப் போயிட்டாங்களே" என்றிருக்கிறார் கடைக்காரர்.

"எனக்குக் கண்ணு இருட்டிருச்சு. அந்த நாடு எங்க இருக்குன்னு கேட்டேன். பத்து நிமிசத்துல பஸ் வரும், ஏறிக்கங்கன்னாரு."

பொன்னிக்குச் சிரிப்பு. வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உள்ளேயிருந்து சத்தம் கேட்டது.

"விளையாட்டுக்குச் சொன்னேன்" என்றேன்.

"நீ விளையாட்டுக்குப் பேசுவியா? இருவத்தி நாலு வருசத்துல ஒரு தடவை பேசியிருக்கியா? எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் சொன்னது நிஜம்.

பொன்னி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். "குடி சாமி. வாந்திக்கு நல்லது."

குடித்தாள். முகத்தைத் துடைத்தாள். அப்புறம் மெதுவாகப் பேசினாள். அழுததைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது.

"இங்க பஸ் இருந்துச்சு. ஏறி வந்துட்டேன். அங்க இருந்து இப்படி ஒண்ணு போட்டேன்னு வெச்சுக்க. நான் எதுல ஏறி வருவேன்? எனக்கு வேற யாரு இருக்கா?"

பொன்னி எங்களை விட்டு மிளகுப் பக்கம் போனாள். நான் காலில் ஒட்டியிருந்த மிளகை ஒவ்வொன்றாக எடுத்துத் தார்ப்பாயில் போட்டேன்.

"கிளம்பு. சாயங்கால பஸ்ல போயிரலாம்" என்றாள் கோகிலா.

"நான் உன்னைக் கூப்படலை" என்றேன்.

"கூப்படலை. நானாத்தான் வந்தேன்."

"இன்னும் ஒரு ராத்திரி இருக்குது."

"அம்மா."

"நீ போ. நான் நாளைக்கு வாரேன்."

பஸ் ஜன்னல்

பஸ் நிற்கிற இடம் வரை கூட நடந்தேன். செம்மேட்டுக்குப் போய் அங்கே வேறு பஸ் மாற வேண்டும். முன் சீட்டில் உட்கார வைத்தேன். முன்னால் உட்கார்ந்தால் குமட்டல் குறையும். எலுமிச்சம்பழம் ஒன்று பொன்னி கொடுத்துவிட்டிருந்தாள். கையில் வைத்தேன்.

ஜன்னலுக்குக் கீழே நின்றேன். அவள் தலையைக் குனிந்து கேட்டாள்.

"உனக்குப் பயமே இல்லையாம்மா?"

"இருக்குது."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவங்க அப்பா செத்த அன்றைக்குக்கூட நான் அந்த வார்த்தையை அவளிடம் சொன்னதில்லை.

"எவ்வளவு?"

"ராத்திரி கதவை ரெண்டு தடவை பாக்கறேன். பஸ்ல பையைக் கால்ல மாட்டி வெச்சுக்கறேன். யாராவது பேசுனா முதல்ல இடுப்புப் பையைப் பிடிச்சுக்கறேன். அப்பறம் சரியாப் போயிருது."

இவ்வளவு நீளமாக நான் பேசுவது குறைவு. டிரைவர் ஏறி ஆரன் அடித்தார்.

"பாஸ்போர்ட்டைக் குடு" என்றாள்.

"எதுக்கு?"

"குடும்மா."

இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். பஸ் நகர்ந்தது. அவள் கையாட்டவில்லை.

முடிந்தது என்று புரிந்துகொண்டேன். அவள் சொன்னதில் தப்பில்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். பாஸ்போர்ட் இருந்த இடம் லேசாக இருந்தது. இடுப்பில் ரெண்டு தடவை கை போனது.

பொன்னி வீட்டுக்குத் திரும்பினேன். மிளகை அள்ளிச் சாக்கில் கட்டினோம். இருக்கிறேன் என்று சொன்னேன். இருந்தேன்.

நாலாம் நாள் காலை

பொன்னி ரெண்டு கிலோ கிழங்கைப் பையில் திணித்தாள். "உங்க ஆலைக்குப் போறது லாரியில போவட்டும். இது உங்களுக்கு" என்றாள். வியட்நாம் போனால் அங்கே எத்தனை நாடு என்று கேட்டு வரச் சொன்னாள். போவேனா தெரியவில்லை என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. சரி என்றேன்.

செம்மேட்டுக்கு வந்து கீழே இறங்குகிற பஸ் ஏறினேன். இந்தத் தடவையும் ஜன்னல். வளைவு எண்ணவில்லை. பனி கீழே கிடந்தது. மலை நன்றாகத்தான் இருந்தது. அழகைப் பார்த்தால் வருத்தமும் கூடவே வந்தது. பார்த்தேன்.

பாதி மலையில் போன் திடீரென்று அலறியது. ஒன்று, ரெண்டு, ஏழெட்டு. ரெண்டு நாளாகச் சேர்ந்தது எல்லாம். ஆலையிலிருந்து இருபது தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். கோகிலா கூப்பிட்டது அதைவிட அதிகம். எல்லாம் அவள் மலை ஏறி வருவதற்கு முன்னால்.

கடைசியில் ஒரு படம். அவள் அனுப்பியது.

இங்கிலீசில் இருந்தது. திருச்சி என்பது எனக்குத் தெரியும். வியட்நாம் என்பதும் தெரியும், வீடியோவில் பார்த்துப் பார்த்துப் பழகிய எழுத்து. நடுவில் ஒரு பிளேன் படம். கண்டக்டரிடம் காட்டினேன். அவர் வாங்கிப் படித்தார்.

"டிக்கெட்டுங்க. உங்களுக்குத்தான். போட்டாச்சு."

"எப்ப போட்டிருக்குது?"

அவர் தேய்த்துப் பார்த்தார். "நேத்து. சாயங்காலம் அஞ்சரைக்கு."

நேற்று அஞ்சரைக்கு மூணாவது ராத்திரி ஆரம்பிக்கவே இல்லை. அவளும் ஊர் போய்ச் சேரவில்லை. இதே ரோட்டில், இதே வளைவுகளில், மடியில் பாஸ்போர்ட்டை விரித்து, ஒரு கையில் எலுமிச்சம்பழமும் மறு கையில் போனும் வைத்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பாஸ்போர்ட்டில் என் பெயரும் எங்கப்பா பெயரும் இங்கிலீசில் எப்படி இருக்கும் என்று எனக்கு மனப்பாடம். டிக்கெட்டில் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தேன்.

அத்தனை வாந்திக்கு நடுவில் போட்டிருக்கிறாள். ஒரு எழுத்து தப்பில்லை.